'தி அவுட்சைடர்ஸ்' எழுதிய எஸ். இ. ஹிண்டன் அப்புறம் என்ன ஆனார்? புதிய நாவல் ஏதாவது வருகிறதா?

கேள்வியின் விவரம்: "மகனுக்குப் பள்ளியில் 'தி அவுட்சைடர்ஸ்' பாடமாக வைத்திருக்கிறார்கள். இதை எழுதும்போது அந்த அம்மாவுக்குப் பதினாறு வயதுதான் என்கிறான். அப்புறம் அவர் எழுதினாரா? குடும்பம் உண்டா? புதிய புத்தகம் வருமா? இவரின் வேறு எதைப் படிக்கக் கொடுக்கலாம்?"

புத்தகச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்னது. இளையோருக்காக ஹிண்டன் எழுதிய கடைசி நாவல் 1988-ல் வந்தது. மொத்தத்தில் கடைசியாக வந்த புத்தகம் 2007-ல் ஒக்லஹோமா பல்கலைக்கழகப் பதிப்பகம் போட்ட ஒரு சிறுகதைத் தொகுப்பு. அதற்குப் பிறகு புதிதாக ஒன்றும் இல்லை. இருந்தாலும் 2024-ல் அவர் பெயர் மறுபடியும் எல்லாப் பத்திரிகைகளிலும் அடிபட்டது. உங்கள் மகன் படிக்கும் அதே நாவலை இசை நாடகமாக்கி, 2023-ல் கலிஃபோர்னியாவின் லா ஹோயா பிளேஹவுஸில் முதலில் அரங்கேற்றி, 2024 ஏப்ரலில் நியூயார்க் பிராட்வேக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஜூன் மாதமே சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருது கிடைத்தது. தயாரிப்பாளர்களில் ஒருவர் ஏஞ்சலினா ஜோலி. நாடகத்தை அவருக்கு அறிமுகப்படுத்தியதே மகள் விவியன்தானாம். மகள் உதவியாளராக வேலையும் பார்த்தார். அம்மாவும் மகளும் சேர்ந்து உழைத்த நாடகம், ஆனால் கதையில் அம்மாவே கிடையாது. இதற்கு அப்புறம் வருகிறேன்.

நாங்கள் டல்லாஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறோம். என் மகளுக்கும் ஏழாம் வகுப்பில் இதே புத்தகம் வந்தது. இங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வீட்டில் யாரும் சொல்லாமலே, ஆசிரியர் கையிலிருந்து வாங்கிப் படிக்கும் முதல் 'பெரிய பிள்ளைகள் புத்தகம்' அநேகமாக இதுதான். அவள் கீழே வைத்தபோதெல்லாம் நான் எடுத்துப் படித்து முடித்தேன். பிறகு எழுதியவரைத் தேடிப் போனதில் தெரிந்துகொண்டதுதான் மற்றதெல்லாம்.

சூசன் எலோயிஸ் ஹிண்டன் 1948-ல் ஒக்லஹோமாவின் டல்சாவில் பிறந்தவர். அந்த ஊரின் வில் ராஜர்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பையன்கள் இரண்டு கோஷ்டியாக இருந்தார்கள். தலையில் எண்ணெய் வழிய முடி வளர்த்த ஏழை வீட்டுப் பிள்ளைகள் கிரீசர்ஸ். கார் வைத்திருக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சோஷஸ். இரண்டு பேருக்கும் அடிதடி. ஹிண்டனின் நண்பன் ஒருவன் சினிமா பார்த்துவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்து வரும்போது அடித்துப் போட்டுவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில் எழுதத் தொடங்கியது முதலில் ஒரு கதை, அப்புறம் நீண்டு நாவலானது. புத்தகத்தின் முதல் காட்சியைப் பாருங்கள்: ஒரு பையன் தியேட்டரிலிருந்து வெளியே வந்து தனியாக வீட்டுக்கு நடக்கிறான்.

தொடங்கியபோது வயது பதினைந்து. பெரும்பகுதி எழுதியது பதினாறில். அந்த வருடம் படைப்பெழுத்துப் பாடத்தில் அவருக்குக் கிடைத்த மதிப்பெண் டி, தோல்விக்கு ஒரு படி மேல், அவ்வளவுதான். நாவல் எழுதிக்கொண்டிருந்ததால் வகுப்புக்கு எழுத நேரமில்லை என்று பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். (இதை உங்கள் மகனிடம் சொல்லலாமா என்பது உங்கள் முடிவு. நான் சொன்னேன். மறுவாரமே ஒரு சோதனை மதிப்பெண்ணுக்கு எனக்கு இதே பதில் வந்தது.) கூடப் படித்த ஒருவரின் அம்மா குழந்தைகள் புத்தகம் எழுதுகிறவர். அவர் சொல்லித்தான் கையெழுத்துப் பிரதி நியூயார்க்கில் ஓர் இலக்கிய முகவரிடம் போனது. வைக்கிங் பதிப்பகத்தின் ஒப்பந்தம் வந்து சேர்ந்தது அவர் பள்ளிப்படிப்பை முடித்துப் பட்டம் வாங்கிய அதே நாளில். 1967 ஏப்ரலில் புத்தகம் வந்தபோது வயது பதினெட்டு.

அட்டையில் ஏன் வெறும் எஸ். இ.? பையன்களின் சண்டையைப் பற்றி ஒரு பெண் எழுதியது என்று தெரிந்தால் விமர்சகர்கள் படிக்காமலே தள்ளிவிடுவார்கள் என்று பதிப்பகம் நினைத்தது. திட்டம் பலித்தது, நிறையப் பேர் ஆண் எழுத்தாளர் என்றே நம்பினார்கள். சூசன் என்ற பெயர் வீட்டுக்கு, எஸ். இ. வெளியே என்று பிரித்து வைத்துக்கொள்வது அவருக்கும் வசதியாகத்தான் போயிற்று. பிரபலமானவர்கள் வீட்டுக்கும் வெளிக்கும் நடுவில் சுவர் எழுப்பப் படாத பாடு படுகிறார்கள், இவருக்குப் பதிப்பகமே கட்டிக்கொடுத்துவிட்டது.

இனி குடும்பம். அவர் இந்த நாவலை எழுதிக்கொண்டிருந்த மாதங்களில் அப்பாவுக்கு மூளையில் கட்டி. அப்பா நோயோடு கிடக்கக் கிடக்க, மகள் அறைக்குள் போய் எழுதிக்கொண்டே இருந்தார். நாவல் முடிகிற சமயத்தில் அப்பா இறந்துபோனார். இந்த ஒரு விஷயம் தெரிந்த பிறகு புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன், வேறு புத்தகமாக இருந்தது. கர்டிஸ் வீட்டு மூன்று அண்ணன் தம்பிகள். அப்பா அம்மா இருவரும் கார் விபத்தில் போய்விட்டார்கள். இருபது வயது டேரி, காலேஜ் கனவை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கூரை வேலைக்குப் போய்த் தம்பிகளை வளர்க்கிறான். கடைக்குட்டி போனிபாய்க்கு அண்ணன்மேல் கோபம், எப்போதும் அதட்டுகிறான் என்று. என் மகளும் அவன் பக்கம்தான், "டேரி ரொம்ப ஸ்ட்ரிக்ட் அம்மா" என்றாள். எனக்கோ முதல் அத்தியாயத்திலிருந்தே டேரிதான் கண்ணில் நின்றான். எங்கள் வீட்டில் தாத்தா சீக்கிரம் போய்விட, படிப்பை நிறுத்திவிட்டு மில்லுக்குப் போனவர் எங்கள் பெரியப்பா. தம்பி தங்கைகள் எல்லோருக்கும் அவரிடம் பயம். பாசத்தை அதட்டலாகவே காட்டத் தெரிந்த மனிதர். டல்சாவின் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி அவரை எப்படிப் பார்த்தாள் என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டேதான் படித்தேன்.

அடுத்து வந்த நாவல்களிலும் இதே கதைதான். ஒன்றில் அம்மா ஆஸ்பத்திரியில், இன்னொன்றில் அப்பா குடியில், மற்றொன்றில் அப்பா ரோடியோ என்ற, முரட்டுக் குதிரைகளை அடக்கும் போட்டிகளோடு மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிறார். வீட்டில் பெரியவர்கள் இருக்க வேண்டிய இடம் காலி, அங்கே ஓர் அண்ணனோ அண்ணன் மாதிரி ஒருவனோ நிற்கிறான். இதை இளையோர் நாவலின் உத்தி என்று விமர்சகர்கள் சொல்வார்கள், பெற்றோரை அப்புறப்படுத்தினால்தான் பிள்ளைகள் கதையை நடத்த முடியும் என்று. இருக்கலாம். அப்பாவின் படுக்கைக்குப் பக்கத்து அறையில் எழுதக் கற்றுக்கொண்டவருக்கு அது வெறும் உத்தியாக இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, அப்புறம் என்ன ஆனார்? முதல் புத்தகம் பெயர் வாங்கியதும் எழுத்து நின்றுவிட்டது. பதினெட்டு வயதில் எல்லோரும் இவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள், அடுத்தது இதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்காரவே முடியவில்லை. டல்சா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தார். வகுப்பறைக்குப் போய்ப் பாடம் நடத்திப் பார்த்ததும் அந்த வேலை தனக்குச் சரிப்படாது என்று தெரிந்துவிட்டது, பிள்ளைகளின் கவலையெல்லாம் வீடு வரைக்கும் கூடவே வந்ததாம். அங்கே உயிரியல் வகுப்பில் பழக்கமானவர் டேவிட் இன்ஹோஃப். இந்த எழுத்து வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இவர்தான். காதலி எழுதாமல் மனம் வெதும்பிக் கிடப்பதைப் பார்த்து, ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் எழுது என்றார். எழுதவில்லையென்றால் அன்று மாலை வெளியே போவது கிடையாது. இரண்டாவது நாவலான 'தட் வாஸ் தென், திஸ் இஸ் நவ்' இப்படித்தான், தினம் இரண்டு பக்கமாக, சில மாதங்களில் முடிந்தது. 1970-ல் கல்யாணம் செய்துகொண்டார்கள். புத்தகம் 1971-ல் வந்தது.

முதல் நாவல் கொட்டித் தீர்த்தது, இரண்டாவது எண்ணி எண்ணி வைத்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் வாக்கியத்திலேயே வித்தியாசம் தெரியும். முதலாவதில் அழுகை அதிகம், இரண்டாவதில் கட்டுப்பாடு அதிகம். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும், ஆனால் எழுத வந்த ஒருவர் கற்றுக்கொள்ள இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது.

அதற்கப்புறம் கணக்கு வைத்துக்கொண்டது போல நாலு வருடத்துக்கு ஒன்று: 1967, 1971, 1975, 1979. பிறகு சினிமாக்காரர்கள் வந்துவிட்டார்கள். அதுவும் வாசகர்கள் செய்த வேலைதான். கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ பக்கத்தில் ஒரு பள்ளியின் நூலகர், பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கி, 'தி அவுட்சைடர்ஸ்' கதையைப் படமாக எடுங்கள் என்று 1980-ல் இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவுக்குக் கடிதம் போட்டார். 'காட்ஃபாதர்' எடுத்தவருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து மனு! மனிதர் புத்தகத்தைப் படித்தார், டல்சாவுக்கே வந்து படம் எடுத்தார், 1983-ல் வெளியானது. டாம் குரூஸ், பேட்ரிக் ஸ்வேஸி, மாட் டில்லன் எல்லோரும் அதில் சின்னப் பையன்கள். ஹிண்டன் கூடவே இருந்து ஒரு நர்ஸாகத் தலைகாட்டியும் போவார். அந்தப் படப்பிடிப்பின் ஓய்வு நாட்களில் கொப்போலாவும் அவரும் உட்கார்ந்து அவருடைய 1975 நாவலிலிருந்து எடுத்த அடுத்த படமான 'ரம்பிள் ஃபிஷ்' திரைக்கதையை எழுதினார்கள். இரண்டு படமும் ஒரே வருடத்தில் வந்தன. அதே 1983-ல்தான் மகன் நிக் பிறந்தான்.

இங்கிருந்துதான் நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஐந்தாவது இளையோர் நாவலான 'டேமிங் தி ஸ்டார் ரன்னர்' ஒன்பது வருட இடைவெளி விட்டு 1988-ல் வந்தது. மற்ற நான்கிலும் ஒரு பையன் 'நான்' என்று தன் கதையைச் சொல்வான். இதில் மட்டும் 'அவன்'. வீட்டில் சின்னப் பிள்ளை, மனமெல்லாம் அங்கேயே இருக்கும்போது இன்னொரு பையனாக உள்ளே புகுந்து பேச முடியவில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். பிள்ளை பெற்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கதையின் நாயகன் டிராவிஸ் யார் தெரியுமா? மாற்றாந்தகப்பனோடு அடிதடியாகி மாமா பண்ணைக்கு அனுப்பப்பட்டவன், பதின்வயதிலேயே நாவல் எழுதிப் பதிப்பகத்துக்கு அனுப்பி ஒப்பந்தம் வாங்குகிறவன். இருபது வருடம் கழித்து, அம்மாவான பிறகு, தன் பதினேழு வயதைத் தள்ளி நின்று பார்த்து எழுதியிருக்கிறார். அதே 1988-ல்தான் இளையோர் இலக்கியத்தில் ஆயுட்காலப் பங்களிப்புக்கான மார்கரெட் எட்வர்ட்ஸ் விருதை முதன்முதலாகக் கொடுத்தார்கள், இவருக்குத்தான். ஆயுட்காலப் பங்களிப்புக்கு நாற்பது வயது.

பிறகு 1995-ல் இரண்டு புத்தகங்கள், இரண்டும் குழந்தைகளுக்கு. ஒன்று, பள்ளியில் புதிதாகச் சேர்ந்த நிக் என்ற பையன். வகுப்பில் அவன் அப்பாவைப் போலவே முடியும் கண்ணாடியும் உள்ள ஒரு சிறுவன், பெயரும் அப்பா பெயரே, டேவிட். அப்பாதான் சின்னதாகி வகுப்புக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாரோ என்று பிள்ளைக்குச் சந்தேகம். இது வீட்டில் நிஜமாகவே நடந்தது, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து மகனை ஏமாற்றி விளையாடியிருக்கிறார்கள். இன்னொன்றில் வீட்டுக்கு வந்த நாய்க்குட்டி கொஞ்சம் கொஞ்சமாகப் பெண் குழந்தையாகி அந்தப் பையனுக்குத் தங்கையாகிறது. ஒற்றைப் பிள்ளை வளரும் வீட்டுக்கு நாய்க்குட்டி வந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்தான் அதை எழுத முடியும்.

மகன் வளர்ந்து இருபதைத் தாண்டிய பிறகு, 2004-ல், பெரியவர்களுக்கான நாவல் ஒன்று எழுதினார். ஆக வரிசையைப் பாருங்கள்: தான் பதின்வயதில் இருந்தபோதும் அதன் நினைவு பச்சையாக இருந்த வருடங்களிலும் பதின்வயதினருக்கு எழுதினார். வீட்டில் குழந்தை இருந்தபோது குழந்தைக்கு எழுதினார். பிள்ளை ஆளானதும் பெரியவர்களுக்கு எழுதினார். பல எழுத்தாளர்கள் ஒரு வயதுக்கு எழுதிப் பெயர் வாங்கிவிட்டால் அதே வயதுக்குச் சாகும்வரை எழுதுவார்கள், பதிப்பகமும் அதைத்தான் கேட்கும். இவர் அப்படிச் செய்யவில்லை. 'ஏன் இவ்வளவு குறைவு' என்று கேட்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

பணக் காரணமும் உண்டு, அதை மறைப்பானேன். முதல் நாவல் ஒரு கோடிப் பிரதிக்கும் மேல் விற்றிருக்கிறது. தொடக்கத்தில் சூடாக விற்கவில்லை. ஆசிரியர்களும் நூலகர்களும்தான், புத்தகமே தொடாத பையன்கள் இதை மட்டும் முடித்துவிட்டுத் திருப்பித் தருகிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கூடம் ஒரு வகுப்புக்கு முப்பது பிரதி வாங்கி வைக்கும், நைந்துபோனால் மறுபடி வாங்கும். ஒவ்வொரு ஆகஸ்டிலும் புதிதாக ஏழாம் வகுப்பு ஒன்று வந்து உட்காருகிறது. இப்படி ஒரு புத்தகம் வாய்த்துவிட்டால் அடுத்ததற்கு அவசரமில்லை. சில ஊர்களில் இதே புத்தகத்தைப் பள்ளி நூலகத்திலிருந்து எடுக்கச் சொல்லிப் பெற்றோர் மனுக் கொடுத்ததும் உண்டு: கத்திக்குத்து, சிகரெட், குடி, பெற்றோர் இல்லாத வீடு. அதையும் தாண்டித்தான் நிற்கிறது.

டல்சாதான் இன்றும் அவருக்கு ஊர். நடுவில் கொஞ்ச காலம் ஸ்பெயினில் இருந்ததும் உண்டு. எங்கள் வீட்டிலிருந்து 75-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓட்டினால் டல்சா. படத்தில் கர்டிஸ் சகோதரர்களின் வீடாக வந்த பழைய மரவீட்டை, இடியும் நிலையில் இருந்தபோது, டேனி பாய் ஓ'கானர் என்ற ராப் இசைக் கலைஞர் 2016-ல் வாங்கி, பழுதுபார்த்து, 2019-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார். நீங்கள் டெக்சாஸ் பக்கம் என்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம். சின்ன வீடு, அரை மணியில் பார்த்துவிடலாம். மகள் திண்ணையில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்றாள். எனக்கு வீட்டைவிட அந்தத் தெருதான் பிடித்தது, வேலி, கூரை, கார் நிறுத்துமிடம் எல்லாமே டேரி மாதிரி ஆட்கள் சம்பளம் வாங்கி வாழும் தெரு. இசை நாடகம் பிராட்வேயிலிருந்து ஊர் ஊராகக் கிளம்பியபோதும் முதல் ஊராக டல்சாவைத்தான் வைத்தார்கள்.

அடுத்து எதைக் கொடுக்கலாம் என்றால், என் ஓட்டு 1979-ல் வந்த 'டெக்ஸ்' நாவலுக்கு. அண்ணன் தம்பி இரண்டு பேர், அப்பா ஊரில் இல்லை, செலவுக்குக் காசில்லாமல் அண்ணன் குதிரைகளை விற்றுவிடுகிறான், தம்பிக்கு அந்தக் குதிரைதான் உயிர். சண்டை, சிரிப்பு இரண்டும் இருக்கிறது. ஹிண்டனுக்குக் குதிரை என்றால் எவ்வளவு ஆசை என்பதும் இதில்தான் தெரியும், அதன் படத்தில் நடித்ததே அவருடைய சொந்தக் குதிரை. 'ரம்பிள் ஃபிஷ்' மிகச் சிறியது, ஒரே மூச்சில் முடியும், ஆனால் மனசைக் கொஞ்சம் இருட்டாக்கிவிட்டுப் போகும், எட்டாம் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் சரி. 1971-ல் வந்த இரண்டாவது நாவலில் எல்எஸ்டி போதைப்பொருள் முக்கியமான திருப்பமாக வருகிறது, நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள், பேச நிறைய இருக்கும். மகன் கதை கிதை எழுதுகிறவன் என்றால் 'டேமிங் தி ஸ்டார் ரன்னர்' கொடுக்கலாம். 2004-ல் வந்த 'ஹாக்ஸ் ஹார்பர்' மட்டும் இப்போதைக்கு வேண்டாம். நூலகத்தில் அதே ஆசிரியர் பெயரைப் பார்த்து எடுத்துவந்துவிடுவான், அது பெரியவர்களுக்கான புத்தகம்.